வங்கியின் பெயரால் வரும் குரல்

‘பேங்க்கிலிருந்து பேசுகிறேன், உங்கள் ஏடிஎம் கார்டு இன்று மாலைக்குள் பிளாக் ஆகிவிடும்’ என்று தொடங்கும் அழைப்பை, தமிழ்நாட்டில் கைப்பேசி வைத்திருப்போரில் ஒரு முறையேனும் கேளாதவர் அபூர்வம். முன்பெல்லாம் அந்தக் குரல் தடுமாறும் தமிழில், வடநாட்டு உச்சரிப்போடு வந்தமையால், பலரும் அதை நண்பர்களிடம் நடித்துக் காட்டிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பே ஒரு அபாயத்தை விட்டுச் சென்றிருக்கிறது. ஏனெனில், மோசடிக்காரன் என்றால் தமிழ் தெரியாதவன் என்ற எண்ணம் மனத்தில் ஊன்றிவிட்டவருக்கு, ‘ஐயா, வணக்கம்’ என்று தொடங்கி நல்ல தமிழில் பணிவும் பொறுமையுமாகப் பேசுகிறவரிடம் சந்தேகம் எழுவதே இல்லை.

அப்படிப்பட்டவர் எடுத்த எடுப்பில் நம்மிடம் எதையும் கேட்பதில்லை. நம்மைப் பற்றிய விவரங்களை நமக்கே ஒப்பிக்கிறார். பெயர், பிறந்த தேதி, வங்கிக் கிளை, சில சமயம் வீட்டு விலாசம்கூடச் சரியாக வந்து விழும்போது, இவர் வங்கியைச் சேர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று மனம் தானாகவே தீர்மானித்துவிடுகிறது. ஆனால் இவையெல்லாம் கடைகளிலும் செயலிகளிலும் விண்ணப்பப் படிவங்களிலும் நாம் எழுதிக் கொடுத்தவை. எங்கோ கசிந்து, யாராலோ விற்கப்பட்டு, அவர் கைக்கு வந்து சேரக் கூடியவை. ‘உங்கள் கார்டின் முதல் ஆறு எண்களை நானே சொல்கிறேன், சரிபார்த்துக் கொள்ளுங்கள்’ என்பது இவர்களுடைய தந்திரங்களில் மிகவும் சாமர்த்தியமானது. அந்த ஆறு எண்கள் கார்டை வழங்கிய வங்கியைக் குறிப்பவை. அதே வகைக் கார்டு வைத்திருக்கும் ஆயிரக்கணக்கானோரிடம் அவையே இருக்கும். இதை அறியாத ஒருவர், தம்முடைய பிரத்தியேக ரகசியத்தையே எதிரிலிருப்பவர் அறிந்திருக்கிறார் என்று நம்பி, எஞ்சிய எண்களைத் தாமே வாசித்துக் கொடுத்துவிடுகிறார்.

சம்பாஷணை நடந்துகொண்டிருக்கும் அதே வேளையில் வேறொரு காரியமும் நடக்கிறது. நாம் கொடுத்த எண்களை வைத்து அவரோ அவருடைய கூட்டாளியோ நம் கணக்கிலிருந்து பணம் எடுக்க முயல்கிறார். அந்த முயற்சிக்கு உடையவரின் சம்மதத்தைக் கேட்டு, வங்கியின் கணினி நம் கைப்பேசிக்கு ஓடிபி என்னும் ஒருமுறை எண்ணை அனுப்புகிறது. பூட்டின் கடைசிச் சாவி அதுதான். அந்தக் குறுஞ்செய்தியை முழுதும் படித்தால், எவ்வளவு தொகைக்கு, யாருக்காக என்பது பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும். ‘யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்ற எச்சரிக்கையும் இருக்கும். படிக்க அவகாசம் கொடுக்காமல் பேசிக்கொண்டே இருப்பதுதான் அழைத்தவரின் வேலை. படித்தவர்களும் உத்தியோகத்தில் இருந்தவர்களும் ஏமாறுவதன் காரணத்தை அறியாமையில் தேடுவது நியாயமன்று என்றே நான் கருதுகிறேன். பயமும் அவசரமும் சேர்ந்து நெருக்கும் இரண்டு நிமிஷங்களில், எவருடைய நிதானமும் குலையக் கூடியதே.

ஓடிபி கேட்பது ஒரு வழி. வாடிக்கையாளர் விவரமாகிய ‘கேஒய்சி’யைப் புதுப்பிக்க வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே என்னும் செயலிக் கோப்பை அனுப்பி நிறுவச் சொல்வதும், கைப்பேசித் திரையை அவர்கள் தொலைவிலிருந்தே பார்க்க உதவும் எனிடெஸ்க் போன்ற செயலியை ஏற்றச் சொல்வதும் வேறு வழிகள். பின்னதைக் குறித்து ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்தது. யுபிஐயில் பணம் பெறுவதற்கு, ‘பின்’ என்னும் ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. பணம் வருவதற்காக அதைப் பதியச் சொல்கிறவர் எவராயினும், நம் பணத்தை எடுக்கப் பார்க்கிறார்.

வங்கிகள் சேவை தொடர்பாக வாடிக்கையாளரை அழைக்கும்போது 1600 என்று தொடங்கும் எண்களையே பயன்படுத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. நல்ல ஏற்பாடுதான், எனினும் திரையில் தோன்றும் எண்ணையும் பெயரையும் போலியாக்க வழிகள் உண்டாகையால், அதையே முழுமையாக நம்பியிருக்க இயலாது. ஐயம் தோன்றிய க்ஷணத்தில் அழைப்பைத் துண்டித்து, கார்டின் பின்புறத்திலோ பாஸ்புக்கிலோ அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நாமே பேசுவது ஒன்றே உறுதியான வழி. பாதிப் பேச்சில் போனை வைப்பது மரியாதைக் குறைவென்று நம் வீட்டுப் பெரியவர்கள் தயங்குகிறார்கள். உண்மையான வங்கி ஊழியர் இதற்காக மனம் வருந்த மாட்டார் என்பதை அவர்களுக்கு நாம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

சொல்லக் கூடாததைச் சொல்லிப் பணம் போய்விட்டால்? வாடிக்கையாளரின் பொறுப்பைப் பற்றி ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதிகள், ரகசிய எண்ணைப் பகிர்ந்த கவனக்குறைவால் நேரும் நஷ்டத்தை வாடிக்கையாளர் மீதே சுமத்தின. இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் அதே விதியில், வங்கிக்குத் தெரிவித்த பிறகு நேரும் நஷ்டம் வங்கியைச் சேரும் என்றும் இருந்தது. மேலும், திருடப்பட்ட பணம் ஒரே இடத்தில் தங்குவதில்லை. யாரோ ஒருவர் பெயரிலுள்ள கணக்குக்குப் போய், அங்கிருந்து பல கணக்குகளுக்குப் பிரிந்து, ஏடிஎம் வழியாக வெளியேறிவிடுகிறது. உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குத் தெரிவித்தால், அந்தக் கணக்குகளுள்ள வங்கிகளுக்குச் செய்தி போய், எஞ்சியிருப்பதை நிறுத்தி வைக்க முடிகிறது. ஆகவே ஒவ்வொரு நிமிஷமும் பணமே.

அந்த நிமிஷங்களைத் தின்றுவிடுவது வெட்கம். ஓய்வூதியத்தை இழந்த தந்தை, ‘இவ்வளவு படித்த நீங்களா, அப்பா?’ என்று மகன் கேட்டுவிடுவானே என்று அஞ்சி, இரண்டு நாள் வாய் திறவாமல் இருந்துவிடுகிறார். அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்று ஒவ்வொரு குடும்பமும் இன்றே தீர்மானித்துக் கொள்ளட்டும்.

வங்கியிடம் புகார் கொடுத்ததும் அதற்குரிய எண்ணை மறவாமல் வாங்கிக் குறித்துக் கொள்ள வேண்டும். முப்பது நாட்களில் வங்கி பதில் தராவிட்டாலும், தந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. இணையம் பழகாதவர்கள் சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கியின் புகார் மையத்துக்குத் தமிழிலேயே எழுதித் தபாலில் அனுப்பலாம்.