சேர்வராயன் மலைப்பூவும் ஒரு தூரிகையும்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு சென்று, அதற்கும் மேலே 5,300 அடி உயரத்துக்கு ஏறினால் சேர்வராயன் குகைக் கோயில். தலை குனிந்துதான் உள்ளே நுழைய வேண்டும். சேர்வராயரும் காவேரி அம்மனும் அங்கே அருள்பாலிக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்கள் முழுவதும் திரண்டு வரும். அதே மாதத்தில்தான் ஏரிக்கரையை ஒட்டிய அண்ணா பூங்காவில் கோடை விழா மலர்க் கண்காட்சியும் நடைபெறுகிறது. ஆயிரக்கணக்கான மலர்களை அடுக்கி அங்கே உருவங்கள் சமைக்கிறார்கள். கூட்டம் அவற்றின்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறது. ஒற்றைப் பூவின்முன் நிற்பவர் குறைவு.

அப்படி நிற்க விரும்புவோருக்கு ஏற்காட்டிலேயே வேறோர் இடம் உண்டு. இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் அது. ஆர்க்கிட் மலரில் வெளிவட்டத்தில் மூன்று, உள்வட்டத்தில் மூன்று என ஆறு இதழ்கள். உள்வட்ட இதழ்களுள் ஒன்று மட்டும் உதடுபோல் வேறு வடிவில் இருக்கும். அது பூச்சி வந்து அமரும் படி. மொட்டில் மேற்பக்கம் இருக்கும் அந்த உதடு, மலரும் வேளையில் காம்பு அரைவட்டம் முறுக்கிக்கொள்வதால் கீழே வந்துவிடுகிறது. பெரும்பாலான ஆர்க்கிட்டுகளின் இயல்பு இது. இந்த முறுக்கைக் கவனியாமல் வரைந்தால் படம் அழகாக இருக்கலாம். அந்தப் பூவாக இராது.

பதினான்கு, பதினைந்து வயதில் சில பிள்ளைகளுக்கு இத்தகைய கூர்மையான பார்வை தானாகவே வாய்க்கிறது. பூஜைக்குப் பறித்து வைத்த செம்பருத்தியை எடுத்துக்கொண்டு போய் நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்துகொண்டிருப்பார்கள். பத்தாம் வகுப்பு வந்ததும் வண்ணப்பெட்டி பரணுக்கு ஏறிவிடுகிறது. பல வீடுகளில் அது மறுபடி இறங்குவதே இல்லை.

நாமக்கல்லில் 1919-ஆம் ஆண்டு பிறந்த ஸ்ரீநிவாசன் என்ற சிறுவனுக்கு அந்தக் கதி நேரவில்லை. அவனது கைத்திறனைக் கண்ட நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை, தாமே ஓவியராகவும் இருந்தவர் ஆதலால், சென்னை ஓவியப் பள்ளிக்குச் செல்லும்படி வற்புறுத்தினார். அங்கே தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்தார். அந்தச் சிறுவனே பின்னாளில் ஆனந்த விகடனில் ஆலயங்களையும் தெய்வத் திருவுருவங்களையும் வரைந்த ‘சில்பி’. ‘தென்னாட்டுச் செல்வங்க’ளைக் கத்தரித்துப் பாதுகாத்த குடும்பங்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கவிஞரின் அந்த ஒரு சொல் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே மனம் கூசுகிறது.

பேரனோ பேத்தியோ பூ வரையும் வீட்டில் பெரியவர்கள் செய்யக்கூடியது அதிகமில்லை. கனமான, நீர் உறிஞ்சும் காகிதம் வாங்கித் தரலாம். காலண்டரைப் பார்த்தும் கைப்பேசியைப் பார்த்தும் வரைவது பயிற்சிக்கு உதவும். ஆனால் அது பிறர் கண்ட பூ. செடியருகே ஒரு முக்காலி போட்டு உட்கார வைத்தால் போதும், அசல் ஓவியம் அங்கிருந்து தொடங்கும். மல்லிகை வெள்ளையாயிற்றே, எப்படி வரைவது என்று பிள்ளை கேட்கும். நீர்வண்ணத்தில் வெள்ளையைத் தீட்ட வேண்டியதில்லை. பூவின் இடத்தைக் காகிதமாகவே விட்டுவிட்டுப் பின்னாலுள்ள இலையைக் கரும்பச்சையாக்கினால் மல்லிகை தானே எழுந்து வரும். முடித்ததும் மூலையில் பெயர், நாள், இடம் மூன்றையும் எழுதச் சொல்ல வேண்டும். இதைத் தற்பெருமை என்று சிலர் தடுப்பதுண்டு. அது சரியன்று.

அசலுக்கும் பெயருக்கும் என்ன மதிப்பு என்பதற்குத் தென்னாட்டிலேயே சான்று இருக்கிறது. ஸ்காட்லாந்திலிருந்து 1819-இல் கம்பெனி மருத்துவராக வந்த ராபர்ட் வைட், இந்நாட்டுச் செடிகொடிகளைப் பதிவு செய்ய உள்ளூர் ஓவியர்களை அமர்த்தினார். முதலில் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து. 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த வைட்டின் பெருநூலில் 2,101 படங்கள் உள்ளன. கல்லச்சில் கறுப்புக் கோடுகளாக அச்சானவை அவை. இலையின் பசுமையும் இதழின் சிவப்பும் ஓவியர் கைப்பட்ட அசல்களிலேயே தங்கின. எழுநூற்றுக்கும் மேற்பட்ட அந்த அசல்கள் இன்று எடின்பரோ தாவரவியல் பூங்காவில் உள்ளன. ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 2007-இல், ஹென்றி நோல்ட்டி என்ற அறிஞர் அவற்றைப் பற்றி நூல் எழுதியபோது தலைப்பிலேயே ரங்கையா, கோவிந்து இருவரின் பெயர்களையும் சேர்த்தார்.

அவர்கள் என்ன வயதில் தூரிகை பிடித்தார்கள், யாரிடம் பயின்றார்கள் என்றெல்லாம் அந்த நூலின் படங்கள் சொல்வதில்லை. வைட் ஒரு நன்றி மட்டும் செய்தார். 1853-இல் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரால் ‘கோவிந்தூயியா’ என்று பெயரிட்டார். பிற்காலத் தாவரவியலார் அதை வேறொரு பேரினத்தில் அடக்கிவிட்டதால் அந்தப் பெயர் இப்போது வழக்கில் இல்லை. ஆயினும் அவர் வரைந்த படங்களின் அடியில், ஒரு மூலையில், ‘வரைந்தவர் கோவிந்து’ என்று பொருள்படும் சின்னஞ்சிறு எழுத்துகள் அப்படியே இருக்கின்றன.