மாத்தேரானும் சார்லட் ஏரியும்

பள்ளித் தேர்வுகள் முடிந்து மே மாதப் புழுக்கம் மும்பையைச் சூழும்போது, சொந்த ஊருக்கு நெடுந்தூர ரயிலில் இடம் கிடைக்காத வடாலா, மாட்டுங்கா, தாராவி, செம்பூர் வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் எளிதில் சென்று வரக்கூடிய ஏரிக்கரை மலையூர், ராய்கட் மாவட்டத்திலுள்ள மாத்தேரான். வடாலா ரோடு நிலையத்தில் ஹார்பர் லைன் வண்டி ஏறி, குர்லாவில் கர்ஜத் செல்லும் வண்டிக்கு மாறினால், மலையடிவாரத்திலுள்ள நேரல் நிலையத்தை அடையலாம்.

மாத்தேரான் கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 6 டிகிரி வீதம் காற்றின் வெப்பம் குறைவதாலும், மரங்கள் அடர்ந்து நிழல் தருவதாலும், கீழே தகிக்கும் கோடை அங்கே தணிந்துவிடுகிறது. 1850-இல் தாணே மாவட்ட ஆட்சியர் ஹியூ மேலட் இம்மலையை ஆங்கிலேயர் கவனத்துக்குக் கொண்டுவந்தார். பின்னர் பம்பாய் ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபுவின் ஆதரவில் இது கோடை வாசத்தலமாக வளர்ந்தது. சர் ஆதம்ஜி பீர்பாயின் குடும்பம் தன் சொந்தப் பணத்தில் அமைத்து 1907-இல் திறந்த, இரண்டே அடி அகலத் தண்டவாளத்தில் ஓடும் சிறு ரயில், சுமார் 20 கி.மீ. வளைந்து வளைந்து மலையேறுகிறது. மழைக்காலத்தில் நேரலிலிருந்து அதன் ஓட்டம் நிறுத்தப்படும்.

ஊரின் தென்மேற்கில், கரையோரத்தில் பிசர்நாத் என்ற சிவன் கோயிலுடன் அமைந்திருக்கும் சார்லட் ஏரி, அணை கட்டி மழைநீரைத் தேக்கிய நீர்நிலையாகும். எரிமலைப் பாறை நெடுங்காலம் மழையில் சிதைந்து, இரும்புச்சத்து மிகுதியாக எஞ்சிச் சிவந்துபோன செம்புரைக்கல் மண்ணே அம்மலையின் மேற்பரப்பு. நடப்பவர் கால்களிலெல்லாம் படியும் அந்தச் செம்மண் நீரை எளிதில் கீழே கசியவிடுவதால், பருவமழை கொட்டித் தீர்த்தாலும் கோடையில் நீர் அருமையாகிவிடுகிறது. ஆகவே பயணிகள் கண்குளிரக் காணும் இந்த ஏரி ஊர் மக்களின் முக்கியக் குடிநீர் ஆதாரமாகவும் விளங்குகிறது.

மாத்தேரானைச் சூழலியல் கூருணர்வுப் பகுதியாக, அதாவது கட்டடங்களும் தொழில்களும் கட்டுப்படுத்தப்பட வேண்டிய இயற்கைப் பரப்பாக, நடுவண் அரசு 2003-இல் அறிவித்தது. மோட்டார் வாகனங்கள் தஸ்தூரி என்னுமிடத்திலேயே நின்றுவிட, அதன்பின் சிறு ரயிலைத் தவிர நடை, குதிரை, மனிதர் இழுக்கும் ரிக்‌ஷா ஆகியவையே நெடுங்காலம் வழியாக இருந்தன. மனிதரை மனிதர் இழுக்கும் வழக்கம் மனித மாண்புக்கு ஒவ்வாதது என்று கண்ட உச்ச நீதிமன்றம், ஆறு மாதங்களுக்குள் அதை நிறுத்தி மின் ரிக்‌ஷாக்களுக்கு மாறுமாறு 2025 ஆகஸ்டில் ஆணையிட்டது.

புகையும் ஹாரன் ஒலியும் இல்லாத கோடையை இவ்வூர் காத்துத் தருகிறது. அதற்கு ஈடாக, பிளாஸ்டிக் உறைகளையும் பாட்டில்களையும் மலையில் விடாமல் திரும்ப எடுத்து வருவதும், ஏரியைத் தம் வீட்டுக் குடிநீர்த் தொட்டியைப் போலப் பேணுவதும் அங்கு செல்லும் ஒவ்வொருவரின் கடமையாகும்.