கரு தங்கும் நாளை உடம்பே சொல்லும்



கல்யாணமாகி ஆறு மாதம் ஆனதுமே "விசேஷம் ஏதும் உண்டா?" என்று ஊரார் கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். கேட்பவர்கள் பெண்ணின் வயிற்றைத்தான் பார்க்கிறார்கள். கணவர் எந்த நாட்களில் வீட்டில் இருந்தார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி. கணவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. சம்பளம் வாங்கியதும் ஊருக்கு வந்து இரண்டு நாள் தங்கிப் போவார். மூன்று வருஷம் இப்படியே போயிற்று. கோயில் குளமெல்லாம் சுற்றினார்கள். மாமியார் வாயில் வேறு பேச்சு வர ஆரம்பித்தது. காலண்டரை எடுத்து வைத்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. அவர் வருகிற சமயமெல்லாம் அந்த அம்மாவுக்குத் தூரமாகிற சமயமாகவோ, தலைக்கு ஊற்றிய மறுநாளாகவோ இருந்திருக்கிறது.

பெண்ணின் சினைப்பையிலிருந்து மாதம் ஒரு முட்டை முதிர்ந்து வெளியே வருகிறது. அதன் ஆயுசு அதிகம் போனால் ஒரே ஒரு நாள். ஆணின் விந்தணுவோ பெண்ணின் உடம்புக்குள் மூன்று நாள், சில சமயம் ஐந்து நாள்கூட உயிரோடு காத்திருக்கும். ஆகவே முட்டை வரும் நாளும், அதற்கு முந்தின ஐந்து நாட்களும்தான் கரு தங்கக்கூடிய நாட்கள். அதிலும் கடைசி இரண்டு மூன்று நாள் மிகவும் நல்லது.

தலைக்கு ஊற்றிய கையோடு சேர்ந்தால் கரு தங்கும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அவர்களைக் குறை சொல்ல வேண்டாம். டாக்டர்களிலேயே பலர் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். 1920-களில் ஜப்பானில் ஒகினோ என்பவரும் ஆஸ்திரியாவில் க்னாவுஸ் என்பவரும் தனித்தனியே ஆராய்ந்து, அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்பு முட்டை வருகிறது என்று கண்டார்கள். 28 நாளுக்கு ஒருமுறை தூரமாகிறவருக்கு அது ஏறக்குறைய 14-ஆம் நாள். 32 நாள் கணக்குள்ளவருக்கு 18-ஆம் நாள். 25 நாள்காரருக்கு 11-ஆம் நாளே வந்துவிடும். தூரமான முதல் நாளை ஒன்று என்று எண்ண வேண்டும். இது உத்தேசக் கணக்குதான். மாதத்துக்கு மாதம் முன்னே பின்னே ஆகும்.

கணக்கைவிட நம்பகமானது உடம்பு காட்டும் அடையாளம். தலைக்கு ஊற்றியபின் சில நாள் பிறப்புறுப்பு வறண்டிருக்கும். பிறகு கொஞ்சம் பிசுபிசுப்பாக வரும். முட்டை முதிர முதிர அது தண்ணீர் போலத் தெளிந்து, கோழிமுட்டை வெள்ளைக்கரு மாதிரி வழவழவென்று ஆகிவிடும். இரண்டு விரலுக்கு நடுவே வைத்து இழுத்தால் அறுபடாமல் நீளும். ஒன்றுக்குப் போய்விட்டுக் கழுவும்போதே வழுக்கல் தெரியும். விந்தணு நீந்திப் போவதற்கு இயற்கை போட்டுக் கொடுக்கும் பாதை இது. வழுவழுப்பின் கடைசி நாளை ஒட்டித்தான் முட்டை வரும். மறுநாளே கெட்டியாகி, வறண்டுபோகும்.

இதைப் பார்த்துவிட்டு "வெள்ளைப்படுது, உடம்பு உருகிப்போகுது" என்று பயந்து சோப்புப் போட்டு உள்ளே கழுவுகிறவர்கள் எத்தனையோ பேர். அப்படிச் செய்யாதீர்கள். இது நோயல்ல. நாற்றம் அடித்தாலோ, திரிந்த பால் போல வந்தாலோ, அரிப்பு, எரிச்சல் இருந்தாலோதான் நோய். அதற்கு வைத்தியம் பார்க்க வேண்டும்.

சிலருக்கு அந்தச் சமயத்தில் அடிவயிற்றில் ஒரு பக்கம் சுருக்கென்று வலிக்கும். எல்லோருக்கும் இருக்காது. உடம்புச் சூடும் அரை டிகிரி பாரன்ஹீட் அளவு ஏறும். ஆனால் முட்டை வந்த பிறகுதான் ஏறும் என்பதால் முன்கூட்டி நாள் பார்க்க உதவாது.

வழுவழுப்பு தொடங்கிய நாளிலிருந்து அது நிற்கும்வரை ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்திருங்கள். தினமும் என்றாலும் கெடுதல் இல்லை. சுவர்க் காலண்டரில் தூரமான நாளுக்கு ஒரு வட்டமும் வழுவழுப்பான நாட்களுக்கு ஒரு புள்ளியும் போட்டு வாருங்கள். வெளியூரில் வேலை பார்க்கும் கணவர், வீட்டுக்காரியிடம் போனில் கேட்டுக்கொண்டு லீவு போடலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. திருப்பூர்க்காரர் அப்படித்தான் செய்தார். ஐந்தாம் மாதம் அந்த அம்மா முழுகாமல் இருந்தார்.

எல்லோருக்கும் இப்படி ஆகிவிடும் என்று சொல்லமாட்டேன். ஒரு வருஷம் முயன்றும் தங்கவில்லை என்றால், மனைவிக்கு 35 வயது ஆகியிருந்தால் ஆறு மாதத்திலேயே, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். தூரம் 21 நாளுக்குள் வந்தாலும், 35 நாளைத் தாண்டிப் போனாலும் காத்திருக்கவே வேண்டாம். நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு வழுவழுப்பு பலமுறை வந்து வந்து போய் ஏமாற்றும்.

வரும்போது இருவரும் சேர்ந்து வர வேண்டும். பிள்ளையில்லாத தம்பதிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. விந்துப் பரிசோதனை எளிது, வலி கிடையாது. இரண்டு நாளிலிருந்து ஏழு நாள்வரை சேராமல் இருந்துவிட்டுக் கொடுக்க வேண்டும். புள்ளி போட்ட காலண்டரையும் மறக்காமல் கையோடு எடுத்து வாருங்கள்.