பூனைக்கும் புரட்டாசி விரதமா? தெரியுமா சேதி!

புரட்டாசி பிறந்தால் சுரக்குடியில் பல வீடுகளில் மீன்சட்டி பரண் ஏறிவிடும். பக்கத்திலேயே திருநள்ளாறு, சனிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம்! மனிதர்கள் தயிர்ச்சாதத்தில் மாதத்தை ஓட்டிவிடுவார்கள். கொல்லையில் வாலைச் சுருட்டிக்கொண்டு காத்திருக்கும் பூனை?

சைவப் பூனையை நம் ஊர்ச் சிற்பி அன்றைக்கே கிண்டல் செய்துவிட்டான், தெரியுமா? அருச்சுனன் தபசு என்று நாம் சொல்லும் 7ஆம் நூற்றாண்டு மாமல்லபுரச் சிற்பத்தில் ஒரு பூனை முன்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிறது. பக்கத்திலேயே எலிகள்! சாட்சாத் உருத்திராட்சப் பூனை.

பாவம், சைவத்துக்கு ஒத்துவராத உடம்பு வாகு பூனைக்கு. பூனைக்கு இனிப்பே தெரியாது, தெரியுமா? இனிப்பை உணரவைக்கும் மரபணு அதற்குப் பழுது என்று 2005இல் கண்டுபிடித்தார்கள். சர்க்கரைப் பொங்கலை நக்கினால் அது நெய்யின் வேலை! கேரட்டை ஊட்டினாலும் அதிலிருந்து வைட்டமின் ஏ தயாரிக்க அதற்கு வராது. திண்ணையில் நாள் முழுக்க வெயில் காய்ந்தாலும் தேவையான வைட்டமின் டி ஊறாது.

எல்லாவற்றுக்கும் மேல், இறைச்சியிலும் மீனிலும் உள்ள டாரின் என்னும் சத்து. 1827இல் எருதின் பித்தநீரில் கிடைத்ததால் எருதின் லத்தீன் பெயரையே இதற்கு வைத்தார்கள். நம் உடம்பு இதைத் தானே செய்துகொள்ளும். பூனையின் உடம்பு செய்வது அதற்குப் போதாது. டாரின் குறைந்தால் பூனையின் விழித்திரை கெடும் என்று 1975இல் தெரிந்தது. இதயமே தளர்ந்துபோகும் என்று 1987இல் தெரிந்தது. அப்படித் தளர்ந்த பூனைகளில் பல, கடையில் வாங்கிய தீவனம் தின்றவை!

இனிமேல்தான் வேடிக்கை. இன்று டாரினை எந்த விலங்கையும் தொடாமல் ஆலையில் செய்கிறார்கள். இறைச்சித் தீவனத்திலும் அதைத்தான் கலக்கிறார்கள். அப்படியானால் சத்துக்களை அளந்து சேர்த்த சைவத் தீவனம் சாத்தியமா? 2023இல் வெளியான ஓர் ஆய்வில் 1,369 பூனைகளின் உரிமையாளர்களைக் கேட்டார்கள். சைவத் தீவனம் தின்ற பூனைகளுக்கு நோய் கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் அது வளர்ப்பவர்கள் சொன்ன கணக்கு, ரத்தப் பரிசோதனை அல்ல. நான் அதை நம்பிச் சட்டியைக் கழுவிக் கவிழ்க்க மாட்டேன்.

1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி, வளர்க்கும் பிராணிக்குப் போதிய உணவு தராததும் கொடுமைதான். சுரக்குடிப் பூனையாவது வயலில் இறங்கி ஓர் எலியைப் பிடித்து விரதத்தை முடித்துக்கொள்ளும். சென்னை அடுக்ககத்தில் பூட்டி வளர்க்கும் பூனைக்கு நாம் வைக்கும் தட்டுதான் உலகம். நம் வேண்டுதலை அதன் தலையில் கட்டுவது எந்தக் கணக்கில் புண்ணியம்?

சாம்பார் சாதம் போடுகிறீர்களா? ஐயோ! வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும், தெரியுமா? மீனைப் பச்சையாகவும் போடாதீர்கள். சில மீன்களில் வைட்டமின் பி1ஐ அழிக்கும் நொதி இருக்கிறது. உப்பு, காரம் இல்லாமல் வேகவைத்து, முள் எடுத்துப் போடுங்கள். வெந்த தண்ணீரையும் தட்டிலேயே ஊற்றுங்கள். டாரினில் ஒரு பங்கு அதில் கரைந்திருக்கும்.