இரண்டு வரிசை ஒன்றானால் முன்னே நிற்பது யார்?

ஜொகூர் மாநிலத்தின் பாலோவைச் சுற்றி ரப்பரும் செம்பனையும் வளர்ந்த தோட்டங்கள் உண்டு. ஒரு பேச்சுக்கு, அங்கே அருகருகே இருக்கும் இரண்டு தோட்டங்களை ஒரே நிறுவனம் வாங்கி ஒன்றாக்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் தோட்டம் பழையது. அங்கே ஒருவர் 20 ஆண்டுகள் உழைத்து இப்போதுதான் மண்டோர் ஆகியிருக்கிறார். இரண்டாவது தோட்டம் வேகமாக வளர்ந்தது. அங்கே எட்டே ஆண்டுகளில் ஒருவர் மண்டோர் ஆகிவிட்டார். இனி இரண்டும் ஒரே தோட்டம். பெரிய மண்டோர் வேலையும் ஒன்றுதான். அது யாருக்கு?

"அதிக காலம் உழைத்தவருக்கே" என்பார் முதலாமவர். "நானும் மண்டோர்தான், உங்களுக்கு முன்பே ஆனவன்" என்பார் இரண்டாமவர். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சிக்கலே அதுதான்.

2007-ஆம் ஆண்டில் சைம் டார்பி, கத்ரி, கோல்டன் ஹோப் ஆகிய மூன்று பெரிய தோட்ட நிறுவனங்கள் ஒரே குழுமமானதை மலேசியத் தோட்ட மக்கள் அறிவார்கள். அதே ஆண்டில் இந்தியாவில் இரண்டு விமான நிறுவனங்கள் ஒன்றாயின. அங்கே எழுந்த 'யார் முன்னே?' என்ற கேள்வி ஐந்து ஆண்டுகளில் இரண்டு பெரிய வேலைநிறுத்தங்களில் கொண்டுபோய் விட்டது.

எண்ணில் அடங்கிய வாழ்க்கை

ஒரு மருத்துவர் இந்த மருத்துவமனையை விட்டு வேறொன்றுக்குப் போனால் அவருடைய அனுபவமும் கூடவே போகும். விமானிக்கு அப்படியல்ல. பெரும்பாலான பெரிய விமான நிறுவனங்களில், வேலையில் சேரும் நாளில் விமானிக்கு ஒரு வரிசை எண் தரப்படுகிறது. அதுதான் பணிமூப்பு எண். மேலே உள்ளவர்கள் ஓய்வு பெறப் பெற எண் முன்னேறும். துணை விமானி எப்போது கேப்டன் ஆவார், சிறிய விமானத்திலிருந்து பெரிய விமானத்துக்கு எப்போது மாறுவார், எந்த நகரத்தில் தங்கி வேலை செய்வார், தீபாவளிக்கு விடுப்பு கிடைக்குமா, ஆட்குறைப்பு வந்தால் முதலில் வெளியேறுவது யார் என்பதையெல்லாம் தீர்மானிப்பதில் அந்த எண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு. நிறுவனம் மாறினால் 20 ஆண்டு அனுபவம் உள்ளவரும் வரிசையின் கடைசியில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

ஆகவே, விமானிக்கு அந்த எண் ஒரு சொத்து மாதிரி. இரண்டு நிறுவனங்கள் இணையும்போது இரண்டு பட்டியல்களையும் ஒன்றாகக் கோர்க்க வேண்டும். ஒருவரை ஐந்து இடம் மேலே ஏற்றினால், வேறு ஐந்து பேர் ஓர் இடம் கீழே இறங்குவார்கள். எல்லாருக்கும் இலாபம் தரும் பட்டியல் என்று ஒன்று கிடையாது.

ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு

இந்தியாவில் 1953-ல் விமானத் துறை அரசுடைமையானது. வெளிநாட்டுப் பயணங்களுக்கு ஏர் இந்தியா, உள்நாட்டுக்கும் அக்கம்பக்க நாடுகளுக்கும் இந்தியன் ஏர்லைன்ஸ் என்று இரண்டு நிறுவனங்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் தனித்தனியாக நடந்தன. தனியார் நிறுவனங்களின் போட்டி கடுமையான பிறகு, இரண்டையும் சேர்த்தால் செலவு குறையும், பலம் கூடும் என்று அரசு கணக்குப் போட்டது. 2007 ஆகஸ்ட் மாதத்தில் இரண்டும் ஒரே நிறுவனமாயின.

நிறுவனம் ஒன்றானது; விமானிகள் ஒன்றாகவில்லை. பழைய ஏர் இந்தியா விமானிகளுக்கு இந்தியன் பைலட்ஸ் கில்டு என்ற சங்கம். பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளுக்கு இந்தியன் கமர்ஷியல் பைலட்ஸ் அசோசியேஷன் என்ற சங்கம். சம்பளக் கணக்கும் வேறு. ஏர் இந்தியா தரப்பினருக்கு மாதம் இத்தனை மணி நேரம் என்ற உத்தரவாதத்துடன் பறப்புப்படி கிடைத்தது. இந்தியன் ஏர்லைன்ஸ் தரப்பினருக்கோ பறந்த நேரத்துக்குத்தான் படி. ஒரே சின்னம், ஒரே சீருடை, ஆனால் மாதக் கடைசியில் கைக்கு வரும் பணம் வேறு வேறு. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது.

2011 ஏப்ரல் இறுதியில் அந்தப் புகைச்சல் தீயானது. பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் சம ஊதியம் கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நிர்வாகம் சங்கத்தின் அங்கீகாரத்தை இரத்து செய்தது. சிலரை வேலைநீக்கமும் செய்தது. டில்லி உயர்நீதிமன்றம் வேலைக்குத் திரும்பச் சொல்லியும் போராட்டம் தொடர்ந்தது. பத்து நாட்களுக்குப் பிறகு மே 6-ஆம் தேதி அரசுடன் உடன்பாடு ஏற்பட்டது. ஊதியம், பதவி உயர்வு உள்ளிட்ட இணைப்புச் சிக்கல்களை ஆராயும் பொறுப்பு, ஓய்வு பெற்ற உச்சநீதிமன்ற நீதிபதி தர்மாதிகாரி தலைமையிலான குழுவிடம் வந்தது. குழுவின் அறிக்கை 2012 ஜனவரியில் அரசின் கைக்குப் போனது. இணைப்பு நடந்தது 2007-ல். எப்படி இணைப்பது என்ற அறிக்கை வந்தது 2012-ல்!

ஒரு விமானம், இரண்டு உரிமை

அந்த அறிக்கை வந்த சில மாதங்களிலேயே அடுத்த சண்டை மூண்டது. இம்முறை எதிர்த்தரப்பு. சண்டைக்குக் காரணம் போயிங் 787 டிரீம்லைனர் என்ற புதிய விமானம்.

இந்த விமானத்தை ஓட்டும் பயிற்சிக்கு இரு தரப்பு விமானிகளையும் அனுப்ப நிர்வாகம் முடிவு செய்தது. பழைய ஏர் இந்தியா விமானிகள் அதை ஏற்கவில்லை. அவர்களுடைய வாதம் இது: "போயிங் நிறுவனத்துடன் 27 டிரீம்லைனர்களுக்கு ஒப்பந்தம் போட்டது பழைய ஏர் இந்தியா. நீண்ட தூரப் பெரிய விமானங்கள் எங்கள் வேலை. அதில் கேப்டன் இருக்கைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறோம். புதிய இருக்கைகளை மற்றவர்களுக்கும் பங்கிட்டால் எங்கள் காத்திருப்பு இன்னும் நீளும்."

மறுதரப்பின் வாதமும் எளிதில் தள்ளக்கூடியதல்ல: "இணைந்த பிறகு பழைய ஏர் இந்தியா, பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் என்று எதுவும் இல்லை. இருப்பது ஒரே நிறுவனம். அதன் விமானங்கள் எல்லாருக்கும் பொது. சின்ன விமானம் மட்டும்தான் உங்களுக்கு என்றால், எங்களை எதற்காக இணைத்தீர்கள்?"

2012 மே மாதத் தொடக்கத்தில் ஏர் இந்தியா தரப்பு விமானிகள் கூட்டமாக மருத்துவ விடுப்பில் போனார்கள். நூறு பேர் வரை வேலை இழந்தார்கள். அமெரிக்கா, ஐரோப்பா போகும் பயணங்கள் குறைக்கப்பட்டன. டில்லி உயர்நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு ஜூலை தொடக்கத்தில்தான் போராட்டம் முடிவுக்கு வந்தது. மொத்தம் 58 நாட்கள். கோடைகால நெரிசலில் மாட்டிக்கொண்ட பயணிகளுக்கு இந்தப் பட்டியல் தகராறு எதுவும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் இரத்தான பயணச்சீட்டு மட்டுமே. முதல் டிரீம்லைனர் அந்த ஆண்டு செப்டம்பரில் டில்லிக்கு வந்து இறங்கியது.

அமெரிக்காவிலும் இதே கதை

இது அரசு நிறுவனத்தின் கோளாறு என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவில் 2005-ல் யு.எஸ். ஏர்வேஸ், அமெரிக்கா வெஸ்ட் என்ற இரண்டு தனியார் நிறுவனங்கள் இணைந்தன. முன்னது பழையது, அதன் விமானிகள் பலர் ஆட்குறைப்பில் வீட்டில் இருந்தார்கள். பின்னது இளையது, அதன் விமானிகள் வேலையில் இருந்தார்கள். 2007-ல் நடுவர் ஜார்ஜ் நிக்கோலாவ் தந்த தீர்ப்பில், வேலையில்லாமல் இருந்த பழைய விமானிகள் பட்டியலின் அடியில் வைக்கப்பட்டார்கள். 'வேலை செய்துகொண்டிருப்பவனை வேலை இழந்தவனுக்குக் கீழே வைக்க முடியாது' என்பது அதன் சாரம். பெரும்பான்மையாக இருந்த பழைய விமானிகள் அதை ஏற்க மறுத்து, 2008-ல் சங்கத்தையே மாற்றிவிட்டார்கள். வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. 2013-ல் அந்த நிறுவனம் அமெரிக்கன் ஏர்லைன்ஸுடன் இணைந்தபோதும் பழைய பிணக்கு தீர்ந்திருக்கவில்லை.

ஆனால் அதே நாட்டில் 2008-ல் டெல்டாவும் நார்த்வெஸ்டும் இணைந்த விதம் வேறு. இணைப்பு நிறைவேறும் முன்பே இரு தரப்பு விமானிகளுக்கும் ஒரே ஊதிய ஒப்பந்தம் முடிந்துவிட்டது. பட்டியல் நடுவர்களிடம் போனது. அந்த ஆண்டு முடிவதற்குள் தீர்ப்பும் வந்தது. குறிப்பிட்ட சில விமானங்களில் சில ஆண்டுகளுக்கு மற்றத் தரப்பினர் நுழைய முடியாதபடி 'வேலி'யும் போடப்பட்டது. யாருக்கும் முழு மகிழ்ச்சி இல்லை; ஆனால் விமானங்கள் பறந்தன.

மலேசியாவுக்கு என்ன பாடம்?

2011 ஆகஸ்டில் மாஸ், ஏர் ஆசியா இரண்டுக்கும் இடையே பங்குப் பரிமாற்றம் அறிவிக்கப்பட்டது. அது முழு இணைப்பு அல்ல. ஆனாலும் மாஸ் ஊழியர் சங்கம் அதைக் கடுமையாக எதிர்த்தது. 2012 மே மாதத்தில் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. பின்னர் 2014-ல் இரண்டு விமானங்களை இழந்த மாஸ், 2015 செப்டம்பரில் மலேசியா ஏர்லைன்ஸ் பெர்ஹாட் என்ற புதிய நிறுவனமாக மாறியது. சுமார் 20,000 ஊழியர்களில் 6,000 பேருக்குப் புதிய நிறுவனத்தில் இடம் இல்லை. இடம் கிடைத்தவர்களும் புதிய ஒப்பந்தத்தில்தான் கையெழுத்திட்டார்கள். இணைப்பாக இருந்தாலும் மறுபிறப்பாக இருந்தாலும், 'என் பழைய உழைப்புக்கு இங்கே என்ன கணக்கு?' என்ற கேள்வி தொழிலாளியை விடுவதில்லை.

ஏர் இந்தியாவின் கதையும் முடிந்துவிடவில்லை. 2022 ஜனவரியில் அது டாட்டா குழுமத்திடம் திரும்பிச் சென்றது. விஸ்தாரா நிறுவனம் 2024 நவம்பரில் அதனுடன் இணைந்தது. அதற்கு முன்பே, அந்த ஆண்டு ஏப்ரலில், புதிய சம்பள முறையில் உத்தரவாத மணி நேரம் குறைகிறது என்று விஸ்தாரா விமானிகள் அதிருப்தி கொண்டார்கள். பலர் விடுப்பில் போக, விமானங்கள் இரத்தாயின. அதே பணமும் அதே எண்ணும், பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகும்!

சரி, யார் பக்கம் நியாயம்? சேர்ந்த தேதியை மட்டும் பார்த்தால் பழைய நிறுவனத்தார் வெல்வார்கள். இருக்கும் பதவியை மட்டும் பார்த்தால் வேகமாக வளர்ந்த நிறுவனத்தார் வெல்வார்கள். இரண்டையும் கலந்து, சில ஆண்டுகளுக்கு வேலி போட்டு, பொது நடுவர் ஒருவர் தரும் பட்டியலே ஓரளவு நிலைக்கிறது. அதைவிட முக்கியம், எப்போது பேசுகிறோம் என்பது. தாலி ஏறிய பிறகு சீர்வரிசை பேசினால் சண்டைதான் மிஞ்சும். சம்பளமும் வரிசையும் இணைப்புக்கு முன் பேசி முடிக்க வேண்டியவை.

பாலோவின் அந்த இரண்டு மண்டோர்களுக்கும் இதுவே பொருந்தும். பெரிய மண்டோர் வேலை ஒருவருக்குத்தான் கிடைக்கும். அது எந்தக் கணக்கில் தரப்பட்டது என்று மற்றவருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தால், மறுநாள் காலைப் பிரட்டுக்கு இருவருமே வந்து நிற்பார்கள்.