பல்கலைக்கழக அனுமதியும் வவுனியாவும்

1970களின் தொடக்கத்தில் நிகழ்ந்த மொழிவாரித் தரப்படுத்தல் தமிழ்மொழிமூல மாணவர் அனைவரையும் பாதித்தது. 1974இல் வந்த மாவட்டப் பங்கீடோ, யாழ்ப்பாணத்தின் இடங்களைக் குறைத்த அதேவேளை, வவுனியா போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கு வழிதிறந்தது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது வரலாற்று நோக்காகாது.

இன்று கற்கைநெறிகள் பலவற்றில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கேற்பவும், 5 வீதம் வவுனியா உள்ளிட்ட 16 பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. ஆயினும் மாவட்டம் ஒரு வர்க்கமன்று. தனியார் வகுப்புக்குச் செல்லும் வவுனியா நகர மாணவனையும், நெடுங்கேணிக் கூலித்தொழிலாளியின் மகளையும் ஒரே வெட்டுப்புள்ளியே அளக்கிறது. 2021இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமானமையும் இந்நிலையை மாற்றவில்லை. அதன் அனுமதியும் நாடுதழுவியதே. பிரதேச நீதி அவசியமானது. கிராமப் பாடசாலைக்கு விஞ்ஞான ஆசிரியரும் ஆய்வுகூடமும் கிடைக்கும்போதே அது முழுமைபெறும் எனக் கருதுகின்றோம்.