கருங்குடுவையில் ஒரு வெள்ளி இழை

நிகாஹ் பேசி முடித்த கையோடு வெள்ளிக் கடையை நாடிச் செல்வது நம்மில் பல குடும்பங்களின் வழக்கம். இராயபுரமாயினும், திருவொற்றியூராயினும், எண்ணூராயினும், சீர்வரிசைத் தட்டில் பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும் வெள்ளியில் மின்னினால்தான் பெற்றோரின் மனம் நிறைகிறது. அன்பார்ந்த வாசகர்களே! கடையில் நாம் எடையைக் கேட்கிறோம். அன்றைய விலையைக் கேட்கிறோம். செய்கூலியைக் குறைக்கச் சொல்கிறோம். ஆனால், இதைப் பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது என்றோ, இதை உருவாக்கிய கை யாருடையது என்றோ நாம் கேட்பதுண்டா?

பொன், வெள்ளிப் பாத்திரங்களில் உண்ணவும் பருகவும் வேண்டாம் என்று கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதை ஹுதைஃபா (ரலி), உம்மு ஸலமா (ரலி) ஆகியோரின் அறிவிப்புகள் வழியாக புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். உண்பது, பருகுவது மட்டுமன்றிப் பிற பயன்பாடுகளுக்கும் இத்தடை பொருந்தும் என்பதே ஃபிக்ஹு அறிஞர்களில் பெரும்பான்மையோரின் கருத்து. பயன்படுத்தாமல் அழகுக்காக வைத்திருப்பதும் கூடாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான நிலைப்பாடு. சுவனவாசிகளிடையே வெள்ளிக் கிண்ணங்கள் சுற்றி வரும் என்று அருள்மறை கூறுகிறது. இம்மையில் தவிர்ப்போருக்கு மறுமையில் காத்திருக்கும் நற்பேறு அது.

அதற்காக வெள்ளி முற்றிலும் விலக்கப்பட்ட பொருளன்று. பெருமானார் (ஸல்) அவர்கள் வெள்ளி மோதிரம் அணிந்திருந்தார்கள். அவர்களின் குவளை விரிசல் கண்டபோது, அது வெள்ளியால் பிணைக்கப்பட்டது என்ற செய்தி அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாகக் கிடைக்கிறது. பாத்திரம் வேறு பொருளாயிருக்க, வெள்ளி அதில் சிறு இழையாய் நின்றது. இந்நினைவோடு இஸ்லாமியக் கைவினையை நோக்கினால் ஒரு பேருண்மை புலப்படும். மோசுல், டமாஸ்கஸ், கெய்ரோ நகரங்களின் கைவினைஞர்கள் 13ஆம் நூற்றாண்டிலேயே பித்தளைக் குடங்களில் வெள்ளியைப் பொதிந்து அழகு செய்தார்கள். முழு வெள்ளியின் பகட்டைவிட, எளிய உலோகத்தின் மேல் ஓடும் வெள்ளிக்கோடு கண்ணைக் கவர்ந்தது.

அம்மரபு நம் நாட்டில் இன்றும் உயிரோடிருக்கும் ஊர், கர்நாடகத்தின் வடகோடியிலுள்ள பீதர். பாமினி சுல்தான்களின் தலைநகராய் விளங்கி, மஹ்மூது கவான் 1472இல் எழுப்பிய மதரஸாவால் புகழ்பெற்ற நகரம் அது. பாரசீகக் கலைத்தொடர்பால் அங்கு வேரூன்றிய இக்கைவினைக்கு ஊரின் பெயராலேயே 'பித்ரி' என்று பெயர் வழங்கிற்று. 2006இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இக்கலையைத் தந்தைவழி கற்றுத் தொடரும் ஷா ரஷீத் அஹ்மத் காதிரி அவர்களுக்கு இந்திய அரசு 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது.

ஒரு பித்ரி குடுவை எவ்வாறு உருவாகிறது? துத்தநாகம் 16 பங்கு, செம்பு 1 பங்கு என்ற அளவையொட்டி உருக்கி, மண் அச்சில் வார்க்கிறார்கள். வார்ப்புப் பட்டறைகளை அறிந்த எண்ணூர்வாசிகளுக்கு இது புதிதன்று. வார்த்ததை அரத்தால் தேய்த்து, மயில்துத்தக் கரைசலைத் தடவித் தற்காலிகமாகக் கறுப்பாக்கி, கூரிய முனையால் கொடியும் மலரும் கைப்பட வரைகிறார்கள். பின்னர் சிற்றுளியால் கோடுகளைக் குடைந்து, தூய வெள்ளிக் கம்பியையோ தகட்டையோ அப்பள்ளங்களில் வைத்துச் சுத்தியலால் தட்டிப் பொதிகிறார்கள். மீண்டும் தேய்த்து மெருகிட்டால் வெள்ளியும் பாத்திரமும் ஒரே நிறமாய்த் தோன்றும்; வேலைப்பாடே மறைந்துவிடும்! இறுதியில் குடுவையை இளஞ்சூடாக்கி, பீதர் கோட்டையின் பழைய மண்ணையும் நவச்சாரத்தையும் குழைத்துப் பூசிக் கழுவுகிறார்கள். பாத்திரம் நிலையாகக் கறுத்துவிடுகிறது. வெள்ளி மட்டும் கறுக்காமல், இரவு வானின் பிறைபோல் ஒளிர்கிறது.

இயந்திரத்தோடு வாழும் நமக்குக் கையின் அருமை தெரியாததன்று. திருவொற்றியூரில் உருவான என்ஃபீல்டு புல்லட்டின் பெட்ரோல் தொட்டியில், பொன்னிறக் கோட்டைக் கைவினைஞர்கள் தூரிகையால் வரைந்ததை உலகமே வியந்தது. தொழிற்சாலைக்குள்ளேயே கைக்கு அத்தனை மதிப்பென்றால், முழுவதும் கையால் ஆன குடுவைக்கு எத்தனை மதிப்பு வேண்டும்!

ஆனால் நிலைமை வேறு. 2025இல் வெள்ளி விலை கிலோ ஓர் இலட்சம் ரூபாயைக் கடந்துவிட்டது. மலிவான போலிகள் கடைகளை நிறைக்கின்றன. பல நாள் குனிந்து செய்யும் வேலைக்கு உரிய கூலி இல்லையெனில், கைவினைஞரின் மகன் வேறு வேலையைத் தேடிச் செல்வதை யார் குறை கூற முடியும்? ஒரு தலைமுறை உளியைக் கீழே வைத்துவிட்டால், அடுத்த தலைமுறைக்கு அதைக் கற்பிக்க ஆளிராது. நூலைப் படித்து வரும் வித்தையன்று இது.

ஆகவே வாங்க விரும்புவோருக்குச் சில சொற்கள். பித்ரிப் பொருள் கைக்குக் கனமாயிருக்கும். வெள்ளி உலோகத்தோடு ஒன்றியிருக்கும். மேலே பூசிய வண்ணம்போல் உரியாது. துத்தநாகம் புளிப்பில் கரையுமாதலால், உணவு வைக்க இது உகந்ததன்று. மலர்ச்சாடியாகவோ அலங்காரக் குடுவையாகவோ மட்டும் கொள்க. அவ்வப்போது சிறிது தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தால் கருமை மங்காது. வெள்ளிப் பொறிப்பின் அளவு, நோக்கம் குறித்து மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. ஹனஃபி மத்ஹபில் காணும் இளக்கம் ஷாஃபிஈ மத்ஹபில் இல்லை. எனவே உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்தபின் வாங்குங்கள்.

இதில் இன்னொரு படிப்பினையும் உண்டு. வெள்ளிச் செம்பில் நாம் பெரும்பாலும் உலோகத்தின் எடைக்கே விலை கொடுக்கிறோம். பித்ரியில் வெள்ளி சிறிதே; நாம் கொடுப்பது மனித உழைப்பின் விலை. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுமாறு ஏவிய மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், செய்கூலியில் பேரம் பேசுவது முறையாகுமா? பீதர் கைவினைஞரிடம் வாங்கினாலும், நம் தெருவிலுள்ள தச்சரிடமோ தையற்காரரிடமோ வேலை வாங்கினாலும், கைக்குரிய விலையை முகம் கோணாமல் கொடுப்போம். சீர்வரிசைத் தட்டு பளபளக்காவிட்டால் குறைவொன்றுமில்லை. உழைத்தவரின் மனம் குளிர்ந்தால் அதில் பரக்கத் உண்டு. வல்ல அல்லாஹ் நம் இல்லங்களில் எளிமையையும், உழைக்கும் கைகளுக்கு ரிஸ்கின் விரிவையும் தந்தருள்வானாக, ஆமீன்.